லண்டனில் டாக்ஸியும் மினிகேபும்: புதிதாக வருபவர்களுக்கு

லண்டனில் கூலிக்கு ஆளேற்றும் வண்டிகள் இரண்டு வகை. ஒன்று பிளாக் கேப், மற்றது மினிகேப். ஊபர், போல்ட் எல்லாம் சட்டப்படி மினிகேப்தான். பிளாக் கேபைத் தெருவில் கைகாட்டி நிறுத்தி ஏறலாம். மினிகேபில் அப்படி ஏற முடியாது, முன்கூட்டியே புக் செய்திருக்க வேண்டும். இங்கே படிக்க வரும் மாணவர்கள், மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் செவிலியர்கள், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சென்னை சென்ட்ரல் வாசலிலும் மீனம்பாக்கத்திலும் கட்டுநாயக்காவிலும் நாம் பழகியது வேறு. ஒருவர் நம்மைத் தேடி வருவார், "டாக்ஸி வேணுமா?" என்பார், பேரம் பேசுவோம், படிந்தால் ஏறுவோம். லண்டனில் அப்படி ஒருவர் வந்து கேட்டால், அவர் குற்றம் செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். தெருவில் ஆள் பிடிப்பது இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், தமிழிலேயே பேசினாலும், "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? லண்டன் மினிகேபுகளுக்கு உரிமம் கட்டாயமானது 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். இப்போது ஒரு பயணத்துக்கு மூன்று உரிமங்கள் வேண்டும்: புக்கிங் எடுக்கும் நிறுவனத்துக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. மூன்றையும் லண்டன் போக்குவரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன், சுருக்கமாக டிஎஃப்எல், வழங்குகிறது. நீங்கள் புக் செய்ததும் யார், எந்த வண்டியில், எங்கிருந்து எங்கே போகிறார் என்ற பதிவு உருவாகிவிடுகிறது. ஏதாவது நடந்தால் போலீஸ் தேடுவது அந்தப் பதிவைத்தான். புக்கிங் இல்லாமல் ஏறினால் பதிவும் இல்லை, அந்தப் பயணத்துக்குக் காப்பீடும் இருக்காது. விபத்து நடந்தால் மருத்துவம் கிடைக்கும். இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

இதில் நம்மவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் "ஏர்போர்ட் பிக்கப், குறைந்த விலை" என்று விளம்பரம் வரும். ஊர்க்காரர், தமிழர், நம்பிக்கையாகத்தான் இருக்கும். நண்பர் ஒருவர் அன்பாக வந்து அழைத்துப் போவது வேறு. முன்பின் தெரியாதவர் சொந்தக் காரில் காசு வாங்கிக்கொண்டு ஏற்றினால் அது உரிமமில்லாத வண்டி. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரது காப்பீடு அந்த நேரத்தில் செல்லாது, பின்சீட்டில் இருப்பதோ உங்கள் குழந்தை. நம்மவர்களிலேயே முறையாக உரிமம் பெற்று ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தமிழ் ஓட்டுநர்தான் வேண்டும் என்றால், அவர் எந்த நிறுவனத்தின் மூலம் ஓட்டுகிறார் என்று கேட்டு, அந்த நிறுவனத்திலேயே புக் செய்யுங்கள்.

வண்டியை அடையாளம் காண்பது

பிளாக் கேப் என்ற பெயரை நம்பிக் கறுப்பு நிறத்தை மட்டும் தேடாதீர்கள். பல வண்டிகள் முழுக்க விளம்பரம் ஒட்டி எல்லா நிறத்திலும் ஓடுகின்றன. உயரமான உருவமும், நெற்றியில் டாக்ஸி என்று எழுதிய ஆரஞ்சு விளக்கும்தான் அடையாளம். விளக்கு எரிந்தால் வண்டி காலி, கையை நீட்டுங்கள். உள்ளே ஓட்டுநருக்கும் உங்களுக்கும் இடையே தடுப்பு இருக்கும். வண்டி நகர்ந்ததும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். புதிதாக ஏறுபவர்கள் இதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வண்டி நின்றதும் திறந்துகொள்ளும்.

மினிகேப் பார்ப்பதற்குச் சாதாரணக் கார்தான், பெரும்பாலும் டொயோட்டா பிரியஸ் போன்ற ஒன்று. முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் டிஎஃப்எல் உரிம ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஓட்டுநரிடம் படம் போட்ட அடையாள அட்டை இருக்கும். லண்டன் மினிகேபின் கூரையில் டாக்ஸி என்ற விளக்கு இருக்காது, வைக்கவும் கூடாது. மற்ற ஊர்களில் சாதாரணக் கார்களே கூரை விளக்கோடு டாக்ஸியாக ஓடுவதுண்டு. அங்கே உரிமம் தருவது அந்தந்த ஊர் கவுன்சில். சந்தேகம் இருந்தால் டிஎஃப்எல் இணையதளத்தில் நிறுவனம், ஓட்டுநர், வண்டி மூன்றின் உரிமத்தையும் நீங்களே சரிபார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

இந்திய வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்டே இருக்கும். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. வீட்டிலிருந்து புறப்படும் முன் வங்கி ஆப்பில் அதை இயக்கிவிடுங்கள். ஹீத்ரோ விமான நிலையத்தில் ஊபர் புக் செய்ய முயலும்போது அட்டை மறுக்கப்பட்டால், பெட்டிகளோடு நிற்பவருக்கு அதைவிடத் தவிப்பு இல்லை. நம் ஊரில் ஊபருக்குப் பணமாகக் கொடுக்கலாம், லண்டனில் அது நடக்காது.

போகுமிடத்தின் போஸ்ட்கோடைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஒரே பெயரில் பல தெருக்கள் உண்டு. சர்ச் ரோடு என்று மட்டும் சொன்னால் எந்தச் சர்ச் ரோடு என்று யாருக்கும் தெரியாது. போஸ்ட்கோடு இருந்தால் அந்தக் குழப்பமே வராது. போன் அணைந்து போனாலும் கையில் அந்தத் தாள் இருக்கும்.

ஹீத்ரோவில் இறங்கியதும்

சுங்கம் தாண்டி வெளியே வந்ததும் அவசரப்படாதீர்கள். விமான நிலையத்தின் இலவச வைஃபையில் இணைந்து, வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, நின்று யோசியுங்கள். டாக்ஸிதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஹீத்ரோ இருப்பது லண்டனின் மேற்கு ஓரத்தில். சவுத்ஹால், ஹேஸ், ஹாரோ, வெம்பிளி பக்கம் தங்கப் போகிறவர்களுக்கு மினிகேப் தூரம் குறைவு. பெட்டிகள் இருந்தால் அதுவே சரி. ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், மேனர் பார்க் போகிறவர்கள் கதை வேறு. நகரத்தை மேற்கிலிருந்து கிழக்காக முழுவதும் கடக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் நேரமும் போகும், காசும் போகும். அவர்களுக்கு நான் சொல்வது: பெரும்பகுதி தூரத்தை ரயிலில் கடந்துவிட்டு, கடைசி ஓரிரு மைலுக்கு மட்டும் மினிகேப் எடுங்கள். மேனர் பார்க், இல்ஃபோர்டுக்கு எலிசபெத் லைன் இருக்கிறது. ரயிலைப் பொறுத்து வழியில் ஒருமுறை மாற வேண்டியிருக்கலாம். ஈஸ்ட்ஹாமுக்குப் பிக்கடில்லி லைனில் ஹேமர்ஸ்மித் வரை வந்து, அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைனைப் பிடிக்கலாம். படியேறி இறங்கும் பாடு இல்லை. ஹீத்ரோவிலிருந்து ரயில்களில் மலிவானது பிக்கடில்லி லைன்தான்.

நான்கு பேர் குடும்பமாக வந்தால் கணக்கு மாறும். ரயிலில் நான்கு டிக்கெட்டின் தொகையையும் மினிகேபின் ஒரே தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெட்டிகளை இழுக்கும் சிரமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காரில் நான்கு பயணிகள்தான். கைக்குழந்தையும் ஓர் ஆளாகத்தான் கணக்கு. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பது இங்கே செல்லாது, ஓட்டுநர் ஏற்ற மாட்டார், ஏற்றினால் அவர் உரிமத்துக்கே ஆபத்து. பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் ஆப்பில் பெரிய வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

விமான நிலையத்தில் பிளாக் கேப் வேண்டுமென்றால் ஒவ்வொரு டெர்மினலுக்கும் வெளியே டாக்ஸி நிறுத்தம் இருக்கிறது, வரிசையில் நின்று ஏறலாம். ஆனால் மத்திய லண்டனுக்குப் போகவே கட்டணம் 100 பவுண்டைத் தாண்டிவிடக்கூடும். முன்கூட்டியே மினிகேப் புக் செய்கிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். சொன்னது நிரந்தரத் தொகையா? பார்க்கிங்கும் விமான நிலையக் கட்டணமும் அதில் அடங்குமா? விமானம் தாமதமானால் காத்திருப்புக்கு எவ்வளவு? விடையை மெசேஜாகவே வாங்கிக்கொள்ளுங்கள். விமான எண்ணையும் கொடுத்துவிட்டால் தாமதம் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஆப்பில் புக் செய்யும்போது

ஊபர், போல்ட், ஃப்ரீநவ், அடிசன் லீ என்று பல இருக்கின்றன. குறைந்தது இரண்டையாவது போனில் வைத்திருங்கள். ஒரே பயணத்துக்கு ஒரே நிமிடத்தில் ஒன்றில் ஒரு விலையும் மற்றதில் வேறொரு விலையும் காட்டும். எது மலிவு என்று நிரந்தரமாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். ரயில் நிலையங்களுக்கும் டியூப் எனப்படும் சுரங்க ரயில் நிலையங்களுக்கும் அருகே இருக்கும் பழைய உள்ளூர் மினிகேப் அலுவலகங்களையும் மறந்துவிடாதீர்கள். போன் செய்தால் தொகையைச் சொல்லிவிடுவார்கள். தேவை கூடும்போது ஆப்பில் விலை ஏறுவதுபோல் அங்கே பெரும்பாலும் ஏறுவதில்லை. அதிகாலை விமானத்துக்கு இவர்களே எனக்குப் பிடித்தவர்கள்.

ஆப் விலை ஏறும் நேரங்களை ஊகிக்கலாம்: மழை கொட்டும்போது, வார நாள் காலை மாலை நெரிசலில், வெள்ளி சனி நள்ளிரவில், வெம்பிளி ஸ்டேடியத்திலோ ஓ2 அரங்கிலோ நிகழ்ச்சி முடிந்த கையோடு. கால் மணி நேரம் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தால் விலை இறங்குவது உண்டு. பகலில், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும் இடத்தில், கூட்டத்தை விட்டு ஒரு தெரு நடந்துபோய்ப் புக் செய்வதும் உதவும். இரவில் தனியாக இருந்தால் இந்த இரண்டு பவுண்டு சேமிப்புக்காக நடக்கவே நடக்காதீர்கள்.

வண்டி வந்த பிறகு காக்க வைத்தால் சில நிமிடங்களிலேயே காத்திருப்புக் கட்டணம் ஓடத் தொடங்கும். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகு பட்டனை அழுத்துவது நல்லது.

ஏறும் முன்னும் ஏறிய பின்னும்

நம்பர் பிளேட்டை எழுத்து எழுத்தாக ஆப்போடு ஒப்பிடுங்கள். பிரிட்டனில் முன்பக்கப் பிளேட் வெள்ளை, பின்பக்கம் மஞ்சள். புதிய வண்டிகளில் இரண்டு எழுத்து, இரண்டு எண், பிறகு மூன்று எழுத்து என்ற வரிசை. ஓட்டுநரின் முகத்தையும் படத்தோடு பாருங்கள். அடுத்தது, உங்கள் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். "யார் பெயரில் புக்கிங்?" என்று கேளுங்கள். "பிரியா பெயரில்தானே?" என்று நீங்களே ஊட்டக் கூடாது. அவர் வாயிலிருந்து பெயர் தானாக வர வேண்டும். ஊபரில் பின் எண் வைக்கும் வசதியும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த எண்ணை ஓட்டுநர் போட்டால்தான் பயணம் தொடங்கும். பெண்கள், முதியவர்கள் அதை எப்போதும் இயக்கி வைத்திருங்கள்.

வண்டியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், "என் தம்பிதான், போகும் வழியில் இறங்கிவிடுவான்" என்று சொன்னாலும், ஏறாதீர்கள். புக்கிங்கை ரத்து செய்துவிட்டுக் காரணத்தையும் எழுதுங்கள்.

பின்சீட்டில் உட்காருங்கள், இடது பக்கம். இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் ஓட்டுநருக்குக் குறுக்காக இருப்பீர்கள், நடைபாதைப் பக்கமும் அதுவே. சீட் பெல்ட் பின்சீட்டிலும் கட்டாயம். கதவைத் திறக்கும் முன் திரும்பிப் பாருங்கள். சைக்கிள்காரர்கள் ஒட்டி வருவார்கள், கதவில் அவர்களை மோதவிட்டால் குற்றம் உங்கள் மேல். ஆப்பில் பயணத்தை வீட்டாருடன் பகிரும் வசதியைப் பயன்படுத்துங்கள். சென்னையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினால் அவருக்கு நிம்மதி. கூடவே லண்டனில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்புங்கள், அவசரத்துக்கு ஓடி வரக்கூடியவர் அவர்தான்.

ஓட்டுநர்கள் பேசுவார்கள், பெரும்பாலோர் நட்பாகத்தான். ஊர், வேலை என்று பேசலாம். தனியாகத் தங்கியிருக்கிறேன், இன்றுதான் வந்தேன் என்பதையெல்லாம் சொல்ல வேண்டாம். சாப்பிடவோ குடிக்கவோ எது கொடுத்தாலும் வாங்காதீர்கள். இதை வெறும் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. முறையான உரிமம் பெற்ற பிளாக் கேப் ஓட்டுநர் ஒருவரே, பணம் ஜெயித்த மகிழ்ச்சி என்று சொல்லிப் பெண்களுக்கு மயக்க மருந்து கலந்த மதுவைக் கொடுத்து வன்கொடுமை செய்ததற்காக 2009இல் லண்டனில் தண்டிக்கப்பட்டார். உரிமம் அவசியம், அதோடு உங்கள் கவனமும் அவசியம்.

வழி மாறுகிறது, ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வெளிச்சமான இடத்தில், கடை வாசலில், பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 999. பேச முடியாத நிலையில் மொபைலிலிருந்து 999ஐ அழைத்தால், அழுத்தச் சொல்லும்போது 55ஐ அழுத்துங்கள், போலீசுக்கு இணைப்பு போகும். அந்த எண்ணை உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பிளாக் கேப் எப்போது நல்லது

விலை அதிகம் என்று இதை முற்றிலும் ஒதுக்கத் தேவையில்லை. இந்த ஓட்டுநர்கள் தேர்வு எழுதி வந்தவர்கள். மத்திய லண்டனில் உள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 1865 முதல் நடக்கும் தேர்வு அது, பலருக்கு மூன்று நான்கு வருடம் பிடிக்கிறது. வரைபடம் பார்க்காமலே எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று தெரிந்தவர்கள். பஸ் பாதையிலும் அவர்கள் போகலாம், மினிகேப் அதில் ஓட முடியாது. மத்திய லண்டனில் மாலை நெரிசலில், மருத்துவமனை அப்பாயின்ட்மென்டுக்கோ ரயிலுக்கோ ஓடும்போது, குறுகிய தூரத்துக்கு இதுவே நல்லது. மூன்று நான்கு பேர் பங்கிட்டால் அவ்வளவு கனமாகவும் இருக்காது. ஆளுக்கோ பெட்டிக்கோ தனிக் கட்டணம் கிடையாது.

மீட்டர் தூரத்துக்கும் நேரத்துக்கும் சேர்த்து ஓடும், சிக்னலில் நின்றாலும் ஏறும். வார நாட்களில் காலை 5 முதல் இரவு 8 வரை ஒரு விகிதம். இரவு 8 முதல் 10 வரையும் வார இறுதிப் பகல்களிலும் அதைவிடக் கூடுதல். எல்லா நாளும் இரவு 10 முதல் காலை 5 வரை இன்னும் கூடுதல். எல்லா வண்டியிலும் கார்டு வாங்கியே ஆக வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து அது விதி, கார்டுக்கென்று தனியாகக் கேட்கவும் கூடாது. மெஷின் வேலை செய்யவில்லை என்றால் ஏறும் முன்பே சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. டிப்ஸ் கட்டாயம் இல்லை, பிடித்திருந்தால் தொகையை முழுமையாக்கிக் கொடுங்கள்.

இரவு ஷிஃப்ட், கிறிஸ்துமஸ்

இரவு வேலை முடித்துத் தினமும் கேப் எடுத்தால் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழும். லண்டனில் இரவெல்லாம் பஸ் உண்டு. 24 மணி நேர பஸ்களோடு 'N' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரவு பஸ்களும் ஓடுகின்றன. 2025 நிலவரப்படி கட்டணம் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதேதான். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், ஓய்ஸ்டர் என்ற பயண அட்டை அல்லது கான்டாக்ட்லெஸ் வங்கி கார்டு வேண்டும். வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல், ஜூபிலி, நார்தன், பிக்கடில்லி, விக்டோரியா லைன்களில் டியூப் விடிய விடிய ஓடும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் தெரு இருட்டு என்றால், அந்தத் துண்டுக்கு மட்டும் கேப் எடுப்பதில் தவறே இல்லை. ஒரே பக்கம் போகும் உடன் வேலை செய்பவர்கள் சேர்ந்து ஒரு வண்டி புக் செய்வது இன்னும் நல்லது. ஆப்பில் இடையில் ஒரு நிறுத்தம் சேர்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 25 அன்று லண்டனில் பஸ்ஸும் கிடையாது, டியூபும் கிடையாது. முதல் வருடம் வரும் செவிலியர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. அன்று ஷிஃப்ட் இருந்தால் சில வாரங்களுக்கு முன்பே உள்ளூர் மினிகேப் அலுவலகத்தில் தொகை பேசிப் புக் செய்யுங்கள், அல்லது காரில் வரும் சக ஊழியரிடம் கேட்டு வையுங்கள். பண்டிகை நாட்களில் பிளாக் கேப் கட்டணமும் கூடும்.

குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள்

12 வயது அல்லது 135 சென்டிமீட்டர், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை காரில் குழந்தை இருக்கை வேண்டும் என்பது பிரிட்டன் சட்டம். டாக்ஸி, மினிகேபில் ஓட்டுநரிடம் இருக்கை இல்லாவிட்டால் விலக்கு உண்டு: 3 வயதுக்குட்பட்ட குழந்தை பின்சீட்டில் இருக்கை இல்லாமல் போகலாம், அதற்கு மேற்பட்டவர்கள் பின்சீட்டில் பெரியவர்களின் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் விலக்கு தருகிறது என்பதற்காக அதையே வழக்கமாக்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து நீண்ட தூரம் என்றால், புக் செய்யும்போதே குழந்தை இருக்கை கேளுங்கள்.

பிளாக் கேப் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நடக்க மிகவும் சிரமப்படும் முதியவர்களும் பார்வைக் குறைபாடு கடுமையாக உள்ளவர்களும் லண்டனில் வசிப்பவர்களாக இருந்தால், டாக்ஸிகார்டு என்ற திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பயணக் கட்டணத்தில் ஒரு பகுதியை அது ஏற்கும். நம் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாமலே தாத்தா பாட்டிகள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார்கள். அவர்கள் வசிக்கும் பகுதியின் கவுன்சிலிலோ, லண்டன் கவுன்சில்ஸ் இணையதளத்திலோ விசாரித்துப் பாருங்கள். கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் அவர்கள் பிள்ளைகளை எதிர்பார்க்காமல் போய்வரலாம்.

பொருளை மறந்துவிட்டால், புகார் இருந்தால்

இறங்கும்போது சீட்டையும் தரையையும் ஒருமுறை பாருங்கள், ரசீதையும் வாங்குங்கள். பிளாக் கேபில் விட்ட பொருளுக்கு டிஎஃப்எல்லின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மினிகேப் என்றால் புக் செய்த நிறுவனத்தையோ ஆப்பையோ கேளுங்கள். புகாருக்கும் ஏறக்குறைய அதே வழிதான்: பிளாக் கேப் என்றால் நேரடியாக டிஎஃப்எல்லுக்கு, மினிகேப் என்றால் முதலில் நிறுவனத்துக்கு, அவர்கள் கவனிக்காவிட்டால் டிஎஃப்எல்லுக்கு. வண்டி எண், நாள், நேரம், எங்கிருந்து எங்கே என்பதை எழுதுங்கள். ஓட்டுநர் தொட்டாலோ மிரட்டினாலோ நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் போலீசுக்கே சொல்லுங்கள். அவசரமில்லாதபோது 101. விசா என்னவாகுமோ என்று பயந்து மறைக்காதீர்கள், புகார் கொடுப்பதற்கு நீங்கள் இந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தமிழ் என்று சொன்னால் போதும்.